சிபி (பெருமூளை வாதம்) குழந்தைகளின் கால் பலத்தை அளப்பது: டைனமோமீட்டரா, எழுந்து நிற்கும் எண்ணிக்கையா?

#1 பிசியோ_விருதுநகர்

வணக்கம். சிறப்புப் பள்ளியில் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா (முக்கியமாக இரண்டு கால்களும் இறுகும் சிபி வகை) உள்ள பிள்ளைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தொடங்குகிறோம். வயது 6 முதல் 13. ஜிஎம்எஃப்சிஎஸ் (நடமாடும் திறனை வகைப்படுத்தும் அளவுகோல்; நிலை கூடக்கூடத் திறன் குறைவு) நிலை 1 முதல் 3 வரை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கால் பலத்தை அளந்து பதிய வேண்டும். கையால் தடுத்துப் பார்த்து 5-க்கு 3, 5-க்கு 4 என்று எழுதுவதுதான் இதுவரை வழக்கம். கையடக்க டைனமோமீட்டர் (தள்ளும் விசையை நியூட்டனில் காட்டும் கருவி) ஒன்று வாங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்தத் தசைகளை எந்த நிலையில் எத்தனை முறை அளப்பது? கருவியே வேண்டாம், நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து நிற்கிறான் என்று எண்ணினால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் செய்பவர்கள் விளக்குங்கள்.

#2 தசைமானி

5-க்கு 4 என்பதை முதலில் விட்டுவிடுங்கள். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3, முழுத் தடுப்பையும் தாங்கினால் 5. நடுவில் இருக்கும் 4-க்குள் தசையின் பலத்தில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. குவாட்ரிசெப்ஸ் (முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசை) ஒன்றரை மடங்கு கூடினாலும் தாளில் அதே 4 நிற்கும்.

டைனமோமீட்டரில் மேக் டெஸ்ட் மட்டும் செய்யுங்கள். நீங்கள் கருவியை அசையாமல் பிடிக்க வேண்டும், பிள்ளை அதன்மேல் தள்ள வேண்டும். நீங்கள் மேலும் அழுத்தி அவன் காலைப் பின்வாங்க வைக்கும் பிரேக் டெஸ்ட் இவர்களுக்கு ஆகாது. இறுகிய தசை நீளும்போது நீட்சி அனிச்சை கிளம்பி எண்ணை ஏற்றிவிடும். அதில் எவ்வளவு அவன் முயற்சி, எவ்வளவு ஸ்பாஸ்டிசிட்டி (தசை தானாக இறுகுவது) என்று யாராலும் பிரிக்க முடியாது.

முழங்கால் நீட்டும் தசையை எடுத்துக்கொள்வோம். பெஞ்சின் விளிம்பில் உட்கார வையுங்கள். இடுப்பும் முழங்காலும் 90 பாகை, பாதம் தரையில் படக் கூடாது, முழங்காலின் பின்மடிப்புக்கும் பெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. தொடையின் குறுக்கே ஒரு பட்டை. கைகள் மடியில் அல்லது பெஞ்சைப் பிடித்தபடி; எதுவானாலும் அடுத்த முறையும் அதேதான். கருவியின் திண்டை முன்காலில், கணுக்கால் புடைப்பு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, காலுக்குச் செங்குத்தாக வையுங்கள். முழங்கால் மூட்டுக் கோட்டிலிருந்து திண்டின் நடுப்பகுதி வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். மிக எளிதாக மறந்துபோகும் படி இந்த டேப்தான்.

கட்டளை: "மெதுவா ஆரம்பி, தள்ளு, தள்ளு, இன்னும் தள்ளு, விடு." முதல் ஒன்றிரண்டு நொடியில் விசை மெல்ல ஏற வேண்டும், பிறகு 3 முதல் 5 நொடி பிடிக்க வேண்டும். வெடுக்கென்று உதைத்தால் உச்ச எண் பொய்யாக உயரும். அந்த முயற்சியை எண்ணாதீர்கள். ஒரு பழகும் முறை, அதன்பின் மூன்று முறை, இடையில் 30 நொடியிலிருந்து ஒரு நிமிடம் ஓய்வு. எல்லோருக்கும் எப்போதும் ஒரே குரல், ஒரே உரப்பு. சட்டென்று கத்தினால் திடுக்கிட்டு உடல் முழுக்க இறுகிவிடும் பிள்ளைகள் உண்டு.

இப்போது கணக்கு. கருவி காட்டுவது 62 நியூட்டன், நெம்புகோல் நீளம் (டேப்பால் அளந்தது) 24 செ.மீ. என்றால் முறுக்குவிசை, அதாவது மூட்டைத் திருப்பும் விசை, 62 × 0.24 = 14.9 நியூட்டன் மீட்டர். 22 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 0.68. அடுத்த முறை திண்டு 2 செ.மீ. மேலே போய்விட்டால் அதே முறுக்குவிசைக்குக் கருவி 68 நியூட்டன் காட்டும். பலம் ஒரு துளியும் கூடாமல் 9 சதவீத "முன்னேற்றம்"!

வளரும் பிள்ளை என்பதால் இன்னொன்று. ஓராண்டில் கால் 26 செ.மீ., எடை 25 கிலோ, விசை 64 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்டனும் ஏறியிருக்கிறது, முறுக்குவிசையும் 16.6-க்கு ஏறியிருக்கிறது. எடையால் வகுத்தால் 0.67. தூக்க வேண்டிய உடலோடு ஒப்பிட்டால் பிள்ளை இருந்த இடத்தில்தான் இருக்கிறான். நடையில் மாற்றம் ஏன் தெரியவில்லை என்று பெற்றோர் கேட்டால் இதைக் காட்டி விளக்கலாம்.

#3 தசைமானி

மற்ற தசைகள், தொடர்ச்சி.

இடுப்பை அகட்டும் தசை: மல்லாந்து படுக்க வைத்து, கால் நேராக, திண்டு தொடையின் வெளிப்பக்கம் முழங்காலுக்குச் சற்று மேலே. இங்கே ஏமாற்றும் அசைவுகள் அதிகம். விரல்நுனி வெளியே திரும்பினால் இடுப்பு மடக்கும் தசைகள் வேலை செய்கின்றன. இடுப்பெலும்பு ஒருபக்கமாக மேலேறினால் விலா ஓரத் தசை இழுக்கிறது. எதிர்க்காலை உதவியாளர் பிடிக்க வேண்டும், முழங்கால் சில்லு கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

இடுப்பை நீட்டும் தசையைக் குப்புறப் படுக்க வைத்து அளப்பது பாடநூல் முறை. இடுப்பு மடங்கி இறுகியிருக்கும் பிள்ளைக்கு அது முதுகு வளைவாக மாறிவிடும். மார்பும் வயிறும் மேசையில், இடுப்பு விளிம்பில், கால்கள் கீழே தொங்கும் நிலையில் வைத்தால் இடுப்பெலும்பு அடங்கும்.

முழங்கால் மடக்கும் தசை: உட்கார்ந்த அதே நிலை, திண்டு பின்பக்கம், அதே உயரம். ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) இறுக்கத்தால் முழுதாக நீட்ட முடியாத பிள்ளையிடம் 90 பாகையிலேயே அளப்பது நல்லது. முழங்காலை 30 பாகை மடக்கில் வைத்து நீட்டும் பலத்தை அளப்பவர்கள் காலின் எடையைச் சேர்க்க வேண்டும். பெரியவர்களின் உடல் விகிதப்படி முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடல் எடையில் சுமார் 6 சதவீதம். 25 கிலோ பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ. அந்த நிலையில் இரண்டு நியூட்டன் மீட்டருக்கு மேல் அதுவே தின்றுவிடும். பலவீனமான பிள்ளைக்கு இது பெரிய பங்கு.

உங்கள் கை அசைந்துவிட்டால் திரையில் இருப்பது உங்கள் பலத்தின் எண். 12, 13 வயதுப் பையன்களின் குவாட்ரிசெப்ஸுக்கு நீளாத பட்டையால் கருவியைப் பெஞ்சின் பின்காலோடு கட்டிவிடுங்கள்.

#4 படிக்கட்டு

தசைமானி சொல்லும் ஒவ்வொரு படியும் சரி. ஆனால் அத்தனையும் சரியாக நடக்கும் இடம் குறைவு. வெர்ஷூரன் குழுவினர் 2008-இல் நெதர்லாந்தில் சிபி பிள்ளைகளிடம் டைனமோமீட்டரையும் செயல்வழிச் சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் தனித்தனியே அளந்தபோது எண்ணிக்கைச் சோதனைகள்தான் அதிகம் ஒத்துப்போயின. பள்ளியில் ஊழியர் மாறிக்கொண்டே இருப்பார்கள். நிலை 1, 2 பிள்ளைகளுக்கு நான் அவற்றைத்தான் முன்னால் வைப்பேன்.

மூன்று சோதனைகள், ஒவ்வொன்றும் 30 நொடி. பக்கவாட்டில் படியேறுவது: அளக்கும் கால் பலகைமேல், மற்றது தரையில், மேல்காலை நீட்டி எழும்புவது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. அரைமண்டியிலிருந்து எழுந்து நிற்பது. முதலாவதையும் மூன்றாவதையும் இரண்டு காலுக்கும் தனித்தனியே செய்யுங்கள்.

எண்ணுவதில்தான் சண்டை வரும். முழங்கால் எவ்வளவு நீண்டால் ஒன்று என்று எண்ணுவது? கூனியபடி நிற்கும் பிள்ளை பாதி எழுந்து பாதி உட்கார்ந்து இருபதைத் தொட்டுவிடுவான். முழங்காலும் இடுப்பும் எந்தக் கோணத்தைத் தாண்டினால் கணக்கு என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். நீட்ட முடியாத அளவு இறுக்கம் இருந்தால் அவனுடைய முழு நீட்சியை முதலில் கோனியோமீட்டரால் (மூட்டுக் கோணமானி) எடுத்து அதை வரையறையாக வையுங்கள். பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பிறகு எண்ணுவது உத்தமம்.

பலகையின் உயரம் வழக்கமாக 20 செ.மீ. குட்டையான பிள்ளைக்கு அது அதிகம். குறைத்தால் குறைத்த உயரத்தைத் தாளில் எழுதி, கடைசி வரை அதிலேயே அளக்க வேண்டும். நாற்காலியின் உயரமும் அப்படியே: தொடக்கத்தில் முழங்கால் 90 பாகையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நகரும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

ஓடக்கூடிய பிள்ளைகளுக்கு மசில் பவர் ஸ்பிரின்ட் டெஸ்ட் அருமையானது. 15 மீட்டர் ஓட்டம் ஆறு முறை, இடையில் 10 நொடி மட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திறன் வாட்டில் வரும்: எடை × தூரத்தின் வர்க்கம் ÷ நேரத்தின் கனம். 30 கிலோ பிள்ளை 6 நொடியில் ஓடினால் 30 × 225 ÷ 216 = சுமார் 31 வாட். நேரம் மும்மடியாகப் பெருகுவதால் ஸ்டாப்வாட்சில் 0.2 நொடி பிசகினால் திறன் 11 சதவீதம் மாறிவிடும். நேரம் பார்ப்பவர் முடிவுக் கோட்டருகே நிற்க வேண்டும். கோட்டுக்கு அப்பாலும் ஓடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பார்கள்.

#5 தசைமானி

ஒன்றில் உடன்படவில்லை. எழுந்து நிற்கும் எண்ணிக்கை கூடினால் எந்தத் தசை வலுப்பெற்றது என்று அது சொல்லாது. சமநிலை தேறியிருக்கலாம், பயம் போயிருக்கலாம், உடலை முன்னால் வீசி எழும் உத்தி பழகியிருக்கலாம். எந்தத் தசைக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்ய, மூட்டு மூட்டாக எடுத்த எண் வேண்டும். வைலி, டாமியானோ இருவரும் 1998-இல் வெளியிட்ட அளவுகளில் பலவீனம் எல்லாத் தசைகளிலும் ஒரே சீராக இல்லை. காலின் கீழே போகப் போகக் கூடியது, எதிரெதிர்த் தசைகளின் விகிதமும் மாறியிருந்தது. நாற்காலிச் சோதனையில் இதெல்லாம் ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும். நிலை 3 பிள்ளைகள் பலரால் கையை ஊன்றாமல் எழவே முடியாது. பூஜ்யத்திலிருந்து பூஜ்யம்தான் பதிவாகும்.

#6 படிக்கட்டு

நிலை 3-க்குக் கருவிதான் வழி, ஒப்புக்கொள்கிறேன். நிலை 1, 2-க்கு இரண்டும் வேண்டும். பயிற்சியைத் தீர்மானிக்க உங்கள் எண், பயன் தெரிந்ததா என்று பார்க்க என் எண்.

#7 அளவுப்பிழை

எந்தச் சோதனையானாலும், கூடியது 0.05-ஆ 0.25-ஆ என்பதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: ஒன்றுமே மாறாதபோது உங்கள் எண் எவ்வளவு ஆடும்?

இதைப் பள்ளியிலேயே கண்டுபிடிக்கலாம். பயிற்சி தொடங்குமுன், ஒரே ஆள், அதே பிள்ளைகளை, ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை அளக்க வேண்டும். பத்துப் பதினைந்து பிள்ளைகளாவது வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழியுங்கள். அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை (எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) எக்செல் கொடுத்துவிடும். அதை 1.96-ஆல் பெருக்குங்கள். திட்ட விலக்கம் கிலோவுக்கு 0.10 நியூட்டன் மீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 0.20. ஒரு பிள்ளையின் மாற்றம் 0.20-ஐத் தாண்டாதவரை "கூடியது" என்று எழுதக் கூடாது. 0.68-இலிருந்து 0.80-க்குப் போனாலும் அது உங்கள் அளவின் ஆட்டத்துக்குள்தான்.

வித்தியாசங்களின் சராசரி பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாம் முறை எல்லோரும் கூடியிருந்தால் அது பழக்கத்தின் விளைவு. அப்படியானால் முதல் அமர்வைப் பழகுவதற்கென்றே ஒதுக்கி, இரண்டாவதைத் தொடக்க அளவாக வையுங்கள்.

ஆட்டத்தைக் குறைக்க மூன்று முயற்சிகளின் உச்சத்தைவிடச் சராசரி உதவும். இரண்டு தனி நாட்களின் சராசரி இன்னும் உதவும். குழு முழுவதின் சராசரி மாற்றத்துக்கு இந்த 0.20 வரம்பு பொருந்தாது, அங்கே சிறிய மாற்றமும் தெரியும். தனிப் பிள்ளையின் அறிக்கைக்குத்தான் இவ்வளவு கண்டிப்பு.

#8 கோவை_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 8 வயது, டைப்ளீஜியா, நிலை 2. ரெண்டு வருஷமா ரிப்போர்ட்ல கால் பலம் 4/5-னே எழுதிக் கொடுக்கிறாங்க. மேலே படிச்சப்பதான் ஏன் மாறலைனு புரிஞ்சுது. வீட்டுல நாங்களா ஏதாவது அளக்கலாமாங்க? கால் இறுக்கமா இருக்கிற பிள்ளைக்கு பலப் பயிற்சி கொடுத்தா இறுக்கம் கூடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க, அதையும் சொல்லுங்க.

#9 படிக்கட்டு

வணக்கம்மா. இறுக்கம் கூடும் என்பது முந்தைய தலைமுறை மருத்துவத்தில் பரவலாக இருந்த நம்பிக்கை. தொண்ணூறுகளிலிருந்து நடந்த வலுவூட்டல் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உங்கள் பிசியோவின் மேற்பார்வையில் தாராளமாகச் செய்யலாம்.

வீட்டில் அளக்க: ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான ஸ்டூல் அல்லது பெஞ்ச், பாதம் தரையில் முழுதாகப் படும் உயரம், கைகள் மார்பின் குறுக்கே. "ஆரம்பி" என்றதும் போன் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்துங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள், நடுவில் ஒரு நிமிடமாவது உட்காரட்டும். ஸ்பிளின்ட் போட்டு அளந்தால் எப்போதும் போட்டே அளக்க வேண்டும். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் தொடக் கூடாது.

மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தினமும் இதையே செய்ய வைத்தால் அவள் இந்தச் சோதனையைத்தான் பழகுவாள். காய்ச்சல், தூக்கக் குறைவு இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். நேரம் குறையவில்லை என்று அவளிடம் முகம் சுளிக்காதீர்கள். அடுத்த முறை பயத்தில் உடல் இறுகினால் அளவு இன்னும் கெடும், அவளுக்கும் இந்த வேலையே வெறுத்துப்போகும்.

#10 யாழ்_பிசியோ

டைனமோமீட்டர் வாங்க இயலாத இடங்களுக்கு: 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் லக்கேஜ் தராசு. ஒரு முனையில் மெத்தையிட்ட கணுக்கால் பட்டை, மறுமுனையில் நீளாத நாடா, நாடா பெஞ்சின் பின்காலில் கட்டப்படும். பிள்ளை முழங்காலை நீட்டும்போது தராசு இழுபடும். கிலோவில் வரும் எண்ணை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன்.

நாடா காலுக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். 20 பாகை சாய்ந்தால் எண்ணுக்கும் உண்மையில் காலைத் திருப்பும் விசைக்கும் 6 சதவீத வித்தியாசம் வரும், 30 பாகையில் 13 சதவீதம். நாடாவைக் கட்டும் உயரத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். பல தராசுகளில் எண் உறைவது இழுப்பு ஒரு நிலையில் நின்ற பிறகுதான். சிபி பிள்ளையின் இழுப்பு அப்படி நிற்காது, எண் உறையாமலே போகும் அல்லது இறங்கும்போது உறையும். ஆகவே திரையைப் போனில் வீடியோ எடுத்து, நிலையாகத் தெரியும் 2 நொடியைப் படியுங்கள். அளக்கும் நாளில் 5 லிட்டர் தண்ணீர் பிடித்த கேனைத் தொங்கவிட்டுப் பார்க்க மறக்க வேண்டாம், கேனின் எடையைச் சேர்த்து. விலையுயர்ந்த டைனமோமீட்டருக்கும் இந்தச் சரிபார்ப்பு தேவை.

#11 பிசியோ_விருதுநகர்

மிகவும் நன்றி. ஒரு சந்தேகம். சில பிள்ளைகளிடம் "பாதத்தை மேலே தூக்கு" என்றால் ஒன்றும் வருவதில்லை. தொடையைத் தூக்கச் சொன்னால் பாதமும் சேர்ந்து நன்றாக மேலே வருகிறது. இதைப் பலவீனம் என்று பதிவதா?

#12 தசைமானி

பதியாதீர்கள். உட்கார்ந்த நிலையில் இடுப்பை மடக்கும்போது தடுத்தால் பாதம் தானாக மேலே எழுவதைத்தான் கன்ஃப்யூஷன் டெஸ்ட் என்கிறோம். தசை உயிரோடு இருக்கிறது, மூளையிலிருந்து அதற்குத் தனியாக ஆணை போகவில்லை. இது தனித்தியக்கும் கட்டுப்பாட்டின் குறை. இதைப் பலத்தோடு கலந்தால் இரண்டு எண்ணும் கெடும்.

அதற்கென்று ஸ்கேல் என்ற மதிப்பீடு இருக்கிறது. ஃபவுலர் குழுவினர் 2009-இல் வெளியிட்டது. இடுப்பு, முழங்கால், கணுக்கால், அதன் கீழுள்ள பாத மூட்டு, விரல்கள் என ஒரு காலுக்கு ஐந்து மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் 10. மற்ற மூட்டு கூடவே அசையாமல், எதிர்க்கால் பிரதி செய்யாமல், சொன்ன வேகத்தில் செய்தால் 2. கருவி எதுவும் வேண்டாம். டைனமோமீட்டரைத் தொடுமுன் இதை முடியுங்கள். 0 வாங்கிய மூட்டில் விசை எண் எடுப்பது வீண். அந்தக் கட்டத்தில் கோடு போட்டு "தனி அசைவு இல்லை" என்று எழுதுங்கள். 1 வாங்கிய மூட்டில் எடுக்கலாம், கூட எது அசைந்தது என்ற குறிப்போடு.

டிஸ்கைனெடிக் (கட்டுப்பாடின்றி உடல் அசையும்) வகைப் பிள்ளை யாராவது இருந்தால் உச்ச எண்ணை நம்பவே வேண்டாம், வேண்டாத அசைவின் வெட்டும் அதில் சேர்ந்திருக்கும்.

#13 குதிகால்

ஆர்த்தோட்டிக்ஸ் (கால் தாங்கிகள் செய்யும் துறை) பக்கத்திலிருந்து. யாருமே கெண்டைக்கால் தசையைப் பேசவில்லை. கூனி நடக்கும் பிள்ளைகளில், குறிப்பாகக் குதிநாண் நீட்டும் அறுவை நடந்தவர்களில், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பாதத்தை நிலத்தில் ஊன்றி முன்கால் எலும்பு முன்னால் சரியாமல் பிடிப்பது அந்தத் தசைதான்; அது தளர்ந்தால் முழங்கால் மடங்கிக்கொண்டே போகும். கையில் பிடித்த கருவியால் இதை அளக்க முடியாது, பிள்ளை உங்களை எளிதில் வென்றுவிடுவான். ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தும் எண்ணிக்கை எடுங்கள். விரல்நுனியால் மட்டும் சுவரைத் தொடலாம். முழங்கால் மடங்கினாலோ உடல் முன்னால் சாய்ந்தாலோ எண்ணாதீர்கள். ஒற்றைக்காலில் முடியாவிட்டால் இரண்டு காலில். எது என்று எழுதுங்கள். ஏஎஃப்ஓவை (கணுக்கால், பாதத் தாங்கி) கழற்றியே செய்ய வேண்டும்.

இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போட்ட தேதியையும் தாளில் சேருங்கள். ஊசி போட்ட 4 முதல் 6 வாரத்தில் தசை மிகத் தளர்ந்திருக்கும், விளைவு சுமார் 3 மாதம் நீடிக்கும். தொடக்க அளவு ஊசிக்கு முன்னும் முடிவு அளவு ஊசிக்குப் பின்னும் அமைந்தால் பயிற்சியைப் பழிக்க நேரிடும்.

#14 பிசியோ_விருதுநகர்

இப்படித் திட்டமிட்டிருக்கிறேன். முதல் வாரம் ஸ்கேல், மூட்டுக் கோணங்கள், பழகும் அமர்வு. அடுத்த வாரம் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை டைனமோமீட்டர்: முழங்கால் நீட்டல், மடக்கல், இடுப்பு அகட்டல், இடுப்பு நீட்டல். நிலை 1, 2-க்கு எண்ணிக்கைச் சோதனைகள் தனி நாளில், எல்லோருக்கும் குதிகால் உயர்த்தல். பிறகு 6 வாரம் பயிற்சி, மறு அளவு. சரியா?

#15 அளவுப்பிழை

அளவு நாட்கள் சரி. பயிற்சி 6 வாரம் போதாது. சிபி உள்ளவர்களுக்கான உடற்பயிற்சிப் பரிந்துரைகள் 2016-இல் வந்தன. அவை வாரம் 2 முதல் 4 முறை, அடுத்தடுத்த நாட்களில் இல்லாமல், 12 முதல் 16 வாரம் என்கின்றன. முதல் சில வாரங்களின் ஏற்றம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. 12-ஆம் வாரம் அளங்கள். அதே ஆள், அதே பெஞ்ச், அதே நேரம். காலை பத்து மணிக்கு எடுத்ததை மதியம் விளையாட்டு முடிந்தபின் எடுக்காதீர்கள்.

#16 தசைமானி

இடுப்பு நீட்டலைக் கடைசியில் வையுங்கள். நிலை மாற்றிக் குப்புறக் கிடத்துவதிலேயே பலருக்கு இறுக்கம் கிளம்பிவிடும், அதன்பின் உட்கார வைத்தால் குவாட்ரிசெப்ஸ் எண் குறையும். உட்கார்ந்து இரண்டு, மல்லாந்து ஒன்று, குப்புற ஒன்று என்ற வரிசை போதும். இரண்டு காலுக்கும் சேர்த்துப் பிள்ளைக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். தாளின் மேலே எடை, பெஞ்ச் உயரம், ஒவ்வொரு திண்டுக்கும் செ.மீ. நீளம், அளந்தவர் பெயர், கடைசி பொட்டுலினம் தேதி, பேக்லோஃபென் (இறுக்கம் குறைக்கும் மருந்து) அளவில் மாற்றம் உண்டா என்ற கட்டம். முதல் பிள்ளையை அளக்குமுன் 5 கிலோ எடையைத் திண்டின்மேல் வைத்துப் பாருங்கள், 49 நியூட்டன் வர வேண்டும்.